எரியாமல் வெளிவரும் உலோகம்: சுடர்வழி நானோதுகள் ஆக்கத்தின் வேதியியல்

எரிதல் என்பதே ஆக்சிஜனோடு சேர்தல்தான். ஒரு சுடருக்குள் உலோக உப்புக் கரைசலைத் தெளித்தால் மறுமுனையில் அந்த உலோகத்தின் ஆக்சைடு கிடைப்பதே இயல்பு. டைட்டானியம் டை ஆக்சைடு, சிலிக்கா போன்ற நுண்தூள்கள் இந்த இயல்பைப் பயன்படுத்தியே பல பத்தாண்டுகளாகப் பெருமளவில் தயாரிக்கப்படுகின்றன. ஆனால் செம்பையோ கோபால்ட்டையோ இரும்பையோ ஆக்சைடாக அல்லாமல் உலோகமாகவே, அதுவும் சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை விட்டமுள்ள துகள்களாக, அதே சுடரிலிருந்து பெற வேண்டுமானால், தீயை அதன் குணத்துக்கு எதிராக வேலை வாங்க வேண்டியிருக்கிறது. இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சுடரின் உள்ளே என்ன நடக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது. உண்மையில், உலோகம் சுடருக்குள் உருவாவது அவ்வளவு அரிதான நிகழ்ச்சி அன்று. உருவான உலோகம் குளிர்ந்து, வடிகட்டியில் படிந்து, இறுதியில் காற்றைச் சந்திக்கும் வரை உலோகமாகவே நீடிப்பதுதான் அரிது.

சுடரில் தூள் செய்யும் கலை மிகப் பழையது. விளக்குப் புகையைத் தட்டின் மேல் படியவிட்டு மைக்கு எடுத்த காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. இன்று டயர்களில் சேர்க்கப்படும் கார்பன் பிளாக், எண்ணெயை அரைகுறையாக எரித்து, ஆண்டுக்கு 1 கோடி டன்னுக்கும் மேல் உற்பத்தி செய்யப்படுகிறது. 1942ஆம் ஆண்டு ஜெர்மனியின் டெகுசா நிறுவனத்தில் ஹாரி கிளோப்ஃபர், சிலிக்கான் டெட்ராகுளோரைடு ஆவியை ஹைட்ரஜன்-ஆக்சிஜன் சுடருக்குள் செலுத்திப் பஞ்சு போன்ற நுண் சிலிக்காவை உருவாக்கினார். ஏரோசில் என்ற பெயரில் அது இன்றும் விற்பனையில் உள்ளது. 1970இல் கார்னிங் நிறுவனத்தில் உருவான, ஒளி இழப்பு குறைந்த முதல் கண்ணாடி இழைக்கும் இதே வகைச் சுடரில் பிறந்த சிலிக்காப் புகையே மூலப்பொருள். இவை எல்லாவற்றிலும் கிடைத்தது ஆக்சைடு அல்லது கரி. உலோகம் அந்த வரிசையில் மிகவும் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

உலோக நானோதுகள்களுக்குச் சுடரை நாடுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. திரவ வழி முறை நன்கு வளர்ந்த ஒன்று. 1857இல் ஃபாரடே தங்கக் கூழ்மத்தை ஆராய்ந்தது முதல், 1951இல் டர்கெவிச்சும் உடன் பணியாற்றியோரும் சிட்ரேட்டைக் கொண்டு ஏறத்தாழ 20 நானோமீட்டர் தங்கத் துகள்களைச் செய்தது வரை அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அளவில் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய துகள்கள் வேண்டுமென்றால் இன்றும் திரவ முறையே முதலிடத்தில் நிற்கிறது. ஆனால் அங்கே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்க ஒரு கரிமப் பூச்சைச் சேர்க்க வேண்டும். பிறகு அதே பூச்சைக் கழுவி அகற்ற வேண்டும். கழிவு நீரையும் கரைப்பானையும் கையாள வேண்டும். இவ்வளவும் தொகுதி தொகுதியாக நடக்க வேண்டும். சுடரிலோ மூலக்கரைசல் ஒரு பக்கம் நுழைகிறது, உலர்ந்த தூள் மறுபக்கம் வெளிவருகிறது. இடைப்பட்ட நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. துகளின் மேற்பரப்பில் வேண்டாத மூலக்கூறுகளும் ஒட்டியிருப்பதில்லை, கரி ஒட்டாதவரை.

அந்த ஒரு நொடிக்குள் நடப்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இன்று ஆய்வகங்களில் பரவலாக உள்ள சுடர்த்தெளிப்பு முறையில், உலோகச் சேர்மம் கரைந்த எரியக்கூடிய திரவம் ஒரு நுண்குழாய் வழியே வருகிறது. அதைச் சுற்றிப் பாயும் வாயு அதைப் பனித்துளி போல உடைக்கிறது. பக்கத்தில் எரியும் சிறு சுடர்கள் அதைப் பற்றவைக்கின்றன. 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு துளியை எடுத்துக்கொள்வோம். அதில் லிட்டருக்கு அரை மோல் என்ற அளவில் செம்பு கரைந்திருக்கிறது என்று கொள்வோம். அந்தத் துளி வெறுமனே உலர்ந்து சுருங்கினால், அதில் உள்ள செம்பு முழுவதும் திரண்டு ஏறத்தாழ 1.5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒற்றைத் துகளாகும். அது நானோதுகள் அன்று, சாதாரண நுண்தூள். அதே செம்பு முழுமையாக ஆவியாகி, பிறகு ஆவியிலிருந்து உறைந்து 15 நானோமீட்டர் துகள்களாக மாறினால், அந்த ஒரு துளியிலிருந்து 10 லட்சம் துகள்கள் கிடைக்கும். ஆகவே நானோதுகள் வேண்டுமென்றால் உலோகம் ஒரு முறையாவது ஆவி நிலையைக் கடந்து வர வேண்டும். ஒரே கரைசலில் சில துளிகள் ஆவியாகியும் சில துளிகள் உலர்ந்தும் போனால், நுண்ணிய தூளுக்குள் பெரிய உருண்டைகளும் உள்ளீடற்ற கூடுகளும் கலந்து கிடக்கும். எடைக் கணக்கில் பார்த்தால் அந்தச் சில உருண்டைகளே தூளின் பெரும்பகுதியை விழுங்கிவிடக் கூடும் என்பதால், மின்நுண்ணோக்கிப் படத்தில் அழகாகத் தெரியும் மாதிரியை மட்டும் நம்பி முடிவு கட்டுவது ஆபத்தானது.

மூலச்சேர்மத்தின் தேர்வு இங்கேதான் முக்கியமாகிறது. உலோக நைட்ரேட்டுகள் மலிவானவை, நீரில் எளிதில் கரைபவை. ஆனால் நீரை ஆவியாக்கவே சுடரின் வெப்பத்தில் பெரும்பகுதி செலவாகிறது, துளியின் மேற்பரப்பில் உப்பு முதலில் படிந்து கூடாகவும் மாறுகிறது. எத்தில்ஹெக்சனோயேட் போன்ற கரிம உப்புகள் சைலீன் என்ற எரியக்கூடிய கரைப்பானில் கரைந்து, துளியோடு சேர்ந்து தாமே எரிவதால் ஒரே சீரான நுண்தூளைத் தருகின்றன. அவற்றின் விலை அதிகம். சுடர் முறையின் மொத்தச் செலவில் எரிபொருளைவிட மூலச்சேர்மமே கனமான பங்கை எடுத்துக்கொள்வது வழக்கம்.

ஆவியான உலோகம் குளிர்ந்து மீச்செறிவு அடைந்ததும், அதாவது வாயுவில் ஆவியாகத் தங்கக்கூடிய அளவை மீறியதும், அணுக்கள் கூடிச் சிறு கருக்களாகின்றன. அதன்பின் துகளின் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் மோதல்தான். ஸ்மோலுகோவ்ஸ்கி 1916இல் வகுத்த மோதல் கணக்கு இங்கு அப்படியே பொருந்துகிறது: துகள்களின் எண்ணிக்கை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு விரைவாக அது குறைகிறது. ஒரு கனசென்டிமீட்டர் வாயுவில் லட்சம் கோடி துகள்கள் இருந்தால், அவை மோதி இணைந்து பாதியாகக் குறைய ஒன்றிரண்டு மில்லிநொடி போதும். ஆயிரம் கோடியாக இருந்தால் அதற்கு நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம் ஆகும்; பத்துக் கோடியாக இருந்தால் பத்து, இருபது நொடிகள் ஆகும். எனவே துகளைச் சிறியதாக வைத்திருக்கப் பொறியாளர் கையில் உள்ளவை இரண்டே கருவிகள்: வாயுவோடு குளிர்ந்த வாயுவைக் கலந்து துகள்களை விலக்கி வைப்பது, சூடான பகுதியில் அவை தங்கும் நேரத்தைக் குறைப்பது. இந்த மோதல் விளையாட்டில் ஓர் எல்லையும் உள்ளது. நெடுநேரம் மோதி வளர்ந்த துகள்கூட்டத்தின் அளவுப் பரவல், தொடக்கத்தில் எப்படி இருந்தாலும், ஒரு குறிப்பிட்ட வடிவத்தை நோக்கியே செல்லும். அதன் பெருக்கல்வழித் திட்டவிலக்கம் ஏறத்தாழ 1.45. சராசரி 10 நானோமீட்டர் என்றால், மூன்றில் இரண்டு பங்குத் துகள்கள் சுமார் 7 முதல் 14.5 நானோமீட்டருக்குள் இருக்கும் என்பது இதன் பொருள். திரவ முறையின் ஒழுங்கோடு சுடர் போட்டியிட முடியாமைக்கு இயந்திரக் குறை காரணமன்று, இயற்பியலே காரணம்.

மோதிய இரண்டு துகள்கள் ஒன்றாகக் கரைந்து உருண்டையாகுமா, ஒட்டிய நிலையிலேயே சங்கிலியாக நிற்குமா என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. உலோகங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வெள்ளி 962 டிகிரி செல்சியஸிலும் செம்பு 1085 டிகிரியிலும் உருகுகின்றன. மீத்தேன்-காற்றுச் சுடரே 1950 டிகிரியை நெருங்குகிறது. சுடருக்குள் அவை உருகிய துளிகளாகவே மோதுவதால் உடனே ஒன்றாகிவிடும். உறைநிலைக்குக் கீழே வந்த பிறகு நிகழும் மோதல்களில்தான் கிளைத்த சங்கிலிகள் உண்டாகின்றன. நானோமீட்டர் அளவில் உருகுநிலை மேலும் சற்றுக் குறைவதும் இங்கே உருண்டைகளுக்குச் சாதகமே.

இனி ஆக்சிஜனுக்கு வருவோம். தங்கம், பிளாட்டினம், வெள்ளி ஆகிய உலோகங்களுக்குச் சுடரில் எந்தத் தந்திரமும் தேவையில்லை. வெள்ளி ஆக்சைடு சில நூறு டிகிரியிலேயே சிதைந்து உலோகமாகிவிடும்; தங்க ஆக்சைடுக்கு அந்த அளவு பொறுமையும் கிடையாது. ஆக்சிஜன் தாராளமாக உள்ள சுடரிலும் இவை உலோகமாகவே வெளிவருகின்றன. 2000களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் உள்ள ஈ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சோடிரிஸ் பிராட்சினிஸின் குழுவினர் இந்த வழியைப் பயன்படுத்தி, அலுமினாவின் (அலுமினியம் ஆக்சைடின்) மேல் பிளாட்டினம் படிந்த வினையூக்கித் தூளை ஒரே படியில் செய்து காட்டினர். அலுமினா எளிதில் ஆவியாகாதது என்பதால் குளிரும் வாயுவில் முதலில் திடமாகிறது. பிளாட்டினம் பின்னால் வந்து அதன் மேல் சிறு புள்ளிகளாகப் படிகிறது. வினையூக்கித் தொழிலில் தனித்தனிப் படிகளாக நாள்கணக்கில் செய்யும் வேலையைச் சுடரின் குளிர்வு வரிசையே செய்து முடிப்பது இம்முறையின் மிக நேர்த்தியான அம்சம் என்று கருதுகிறேன். பல்லேடியம் சற்றே சிக்கலான இடைநிலை. அதன் ஆக்சைடு காற்றில் ஏறத்தாழ 800 டிகிரிக்கு மேல் நிலைக்காது; ஆகவே சுடருக்குள் அது உலோகம். வெளியே வந்து மெதுவாகக் குளிர்ந்தால் மேற்பரப்பு மீண்டும் ஆக்சைடாகிறது.

மற்ற உலோகங்களுக்குச் சுடரைப் பட்டினி போட வேண்டும். எரிபொருள் முழுமையாக எரியத் தேவையானதைவிடக் குறைவாக ஆக்சிஜனைக் கொடுத்தால், எரிந்த வாயுவில் நீராவி, கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றோடு ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் மிஞ்சும். இவ்விரண்டும் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அதைத் திருப்பிக் கொடுக்கும். யார் வெல்வார் என்பது அவற்றின் விகிதத்தையும் வெப்பநிலையையும் உலோகத்தையும் பொறுத்த சமநிலைக் கணக்கு. செம்புக்கு நீராவியின் நடுவே சிறிதளவு ஹைட்ரஜன் இருந்தாலே போதும். நிக்கலும் கோபால்ட்டும் அதைவிட அதிகம் கேட்கின்றன, ஆனாலும் இணங்கிப் போகக்கூடியவை. இரும்புக்கு நீராவியைவிட ஹைட்ரஜன் மிகுதியாக இருக்க வேண்டும். அதிலும் ஒரு வம்பு உண்டு. வெப்பநிலை குறையக் குறைய அந்தச் சமநிலை ஆக்சைடின் பக்கம் சாய்கிறது. சுடருக்குள் உலோகமாக இருந்த இரும்பு, தன்னைச் சுமந்து வரும் அதே வாயுவில் உள்ள நீராவியாலேயே குளிரும் வழியில் ஆக்சைடாகிவிடலாம். விரைவாகக் குளிர்விப்பது இங்கே துகளைச் சிறிதாக வைத்திருக்க மட்டுமன்றி, சமநிலை தன் வேலையைச் செய்து முடிக்க நேரம் கொடாமல் இருப்பதற்காகவும்தான். டைட்டானியத்தையும் அலுமினியத்தையும் பொறுத்தவரை, ஹைட்ரஜனை எவ்வளவு கூட்டினாலும் இவ்வழி பயன் தராது.

ஆக்சிஜனைக் குறைப்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. கரிம எரிபொருளில் அதை மிகவும் குறைத்தால் சுடர் மஞ்சளாகி, புகைக்கரி உண்டாகத் தொடங்கும். உலோகத்துக்குப் போதுமான ஒடுக்கும் (ஆக்சிஜனைப் பறிக்கும்) சூழலும், கரி உண்டாகாத சூழலும் ஒன்றையொன்று தொடும் இடம் சில உலோகங்களுக்கு மிகக் குறுகியது. சூரிச்சில் வென்டலின் ஸ்டார்க், ராபர்ட் கிராஸ் ஆகியோர் சுடர்த்தெளிப்புக் கருவியையே நைட்ரஜன் நிரம்பிய மூடிய பெட்டிக்குள் வைத்து, வெளிக்காற்று உட்புகாதபடி எரித்து, 2006இல் பிஸ்மத், கோபால்ட் நானோதுகள்களைச் செய்தனர். அந்தக் கோபால்ட்டின் படிக அமைப்பும் கவனிக்கத்தக்கது. கட்டியான கோபால்ட் அறை வெப்பநிலையில் அறுகோண அமைப்பில் இருக்கும். ஏறத்தாழ 420 டிகிரிக்கு மேலேதான் முகமையக் கனசதுர அமைப்புக்கு மாறும். சுடரில் பிறந்து விரைவில் குளிர்ந்த துகள்களோ உயர் வெப்பநிலைக்குரிய கனசதுர அமைப்பையே வைத்துக்கொண்டிருந்தன.

அதே குழுவினர் கரியைப் பகையாகக் கருதாமல் பயன்படுத்தவும் முனைந்தனர். உலோகம் உருவான பிறகு அசெட்டிலினைச் செலுத்தினால், சூடான உலோகப் பரப்பிலேயே அது சிதைந்து, ஒரு நானோமீட்டர் அளவில் இரண்டு மூன்று அடுக்குக் கிராஃபைட் உறையாகப் படிகிறது. அந்த மெல்லிய உறை கோபால்ட்டைக் காற்றிலிருந்து காப்பதோடு, வேதிக் குழுக்களைப் பிணைத்து வைக்கும் தளமாகவும் அமைந்தது. இந்தக் கோபால்ட் துகள்களின் எடைக்கேற்ற காந்தத்தன்மை மாக்னடைட் என்னும் காந்த இரும்பு ஆக்சைடைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் என்பதால், கரைசலில் உள்ள ஒரு பொருளைப் பிடித்துக் காந்தத்தால் வெளியே இழுக்க இது உதவுகிறது. 2008இல் இதே வழியில் செய்த கார்பன் உறையிட்ட செம்புத் துகள்கள், மின்கடத்தும் அச்சு மைகளில் வெள்ளிக்கு மாற்றாக முன்வைக்கப்பட்டன. கரியை நீக்கப் பாடுபட்டவர்கள் பலர்; அதை உரிய இடத்தில் நிறுத்தியதே இங்கே நடந்த வேதியியல்.

சுடரையும் துகள் உருவாகும் இடத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிடுவது மற்றொரு வழி. அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் ஸ்விஹார்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் விவரித்த உலையில், ஹைட்ரஜன் மிகுந்த சுடர் ஒரு தனி அறையில் எரிகிறது. அதன் சூடான வாயு, நடுவில் ஒடுங்கி மறுபடி விரியும் ஒரு குழல் வழியே பீறிட்டுப் பாய்கிறது. உலோக உப்பு கரைந்த நீர்க்கரைசல் அந்தக் குழலுக்குள் செலுத்தப்படுகிறது. வாயுவின் வேகமே அதை நுண்துளிகளாகச் சிதறடித்து, அதன் வெப்பமே ஆவியாக்குகிறது. அந்த இடத்தில் எரிவதற்கு ஆக்சிஜன் எஞ்சியிருப்பதில்லை. எரிபொருளில் கார்பன் இல்லை என்பதால் புகைக்கரியும் இல்லை. மலிவான நைட்ரேட்டையும் சாதாரண நீரையும் கொண்டே செம்பு, நிக்கல், வெள்ளி, அவற்றின் கலப்புலோகங்கள் ஆகியவற்றைப் பெற முடிவதுதான் இந்த அமைப்பின் பெரிய கவர்ச்சி. இதற்கு விலையும் உண்டு: நிறைய ஹைட்ரஜன் எரியாமலேயே வெளியேறுகிறது, அதைப் பாதுகாப்பாகக் கையாள வேண்டும்.

ஆக்சிஜனே இல்லாத சுடர் ஒன்றும் உண்டு. சோடியம் ஆவியும் டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆவியும் சந்தித்தால், குளோரினைச் சோடியம் பறித்துக்கொண்டு பெரும் வெப்பத்துடன் எரிகிறது. மிஞ்சுவது டைட்டானியமும் சமையல் உப்பும். 1910இல் மேத்யூ ஹன்டர் எஃகுக் கலனில் அடைத்துச் செய்த அதே வினைதான் இது. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஆக்சல்பாம் 1990களில் இதை நானோதுகளுக்கான சுடராக வளர்த்தெடுத்தார். இதில் உள்ள நுட்பம் உப்பில்தான் இருக்கிறது. வாயு குளிரும்போது உப்பு ஆவி, ஏற்கெனவே பிறந்துவிட்ட உலோகத் துகள்களின் மேல் திரவமாகப் படிந்து, பிறகு 801 டிகிரியில் உறைந்து, ஒவ்வொரு துகளையும் தனித்தனியே மூடிவிடுகிறது. அதன்பின் துகள்கள் மோதினாலும் உலோகத்தோடு உலோகம் ஒட்டாது. காற்றும் உள்ளே போகாது. தேவைப்படும்போது நீரில் கழுவியோ வெற்றிடத்தில் சூடாக்கியோ உப்பை அகற்றலாம். மின்தேக்கிகளுக்கு மிக நுண்ணிய தூளாகத் தேவைப்படும் டாண்டலத்தையும் இவ்வழியில் செய்துள்ளனர். இம்முறைகளிலெல்லாம் எனக்கு மிகவும் சிந்தித்துச் செய்யப்பட்டதாகத் தோன்றுவது இதுவே. சோடியத்தை ஆவியாக்கிக் குழாய்களில் ஓட்டுவது எளிதான வேலையன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உற்பத்தி அளவைப் பற்றிய எதிர்பார்ப்பையும் சற்று அடக்கி வைப்பது நல்லது. மேலே கண்ட செம்புக் கரைசலை நிமிடத்துக்கு 5 மில்லிலிட்டர் என்ற ஆய்வகக் கணக்கில் தெளித்தால், ஒன்றும் வீணாகாவிட்டாலும் ஒரு மணி நேரத்தில் 9.5 கிராம் செம்பே கிடைக்கும். பெரிதாக்கினால் சுடர் நீள்கிறது, துகள்கள் சூட்டில் தங்கும் நேரம் கூடுகிறது, அளவு மாறுகிறது. ஆக்சைடுத் தொழில் இந்தச் சிக்கலை நெடுங்காலமாகப் பழகிக் கடந்துவிட்டது. மூடிய, ஹைட்ரஜன் நிறைந்த உலோகச் சுடர் அந்த அனுபவத்தை இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

கடைசிப் படி வடிகட்டி. குளிர்ந்த வாயு அதன் வழியே சென்று, கறுத்த தூள் அதில் படிகிறது. நானோமீட்டர் அளவில் எல்லா உலோகத் தூளும் ஏறத்தாழக் கறுப்பாகவே தெரியும். இந்த நிலையில் உலையைத் திறந்து காற்றை ஒரேயடியாக விட்டால், உறையற்ற இரும்போ கோபால்ட்டோ தானே தீப்பற்றிச் சில நொடிகளில் ஆக்சைடுக் குவியலாகிவிடும். அதனால் நைட்ரஜனில் மிகச் சிறிதளவு ஆக்சிஜனைக் கலந்து, மணிக்கணக்கில் மெதுவாகச் செலுத்தி, ஒவ்வொரு துகளின் மேலும் ஒரு மெல்லிய ஆக்சைடு உறையை வளரவிடுகிறார்கள். நுண்ணிய நிக்கல், கோபால்ட் தூள்களை மூச்சில் இழுப்பது தீங்கானது என்பதால் இந்த வேலை முழுவதும் அடைபட்ட அமைப்புக்குள்ளேயே நடக்க வேண்டும். அந்த உறை 2 நானோமீட்டர் தடிமன் என்று கொள்வோம். உறையோடு சேர்த்து 50 நானோமீட்டர் விட்டமுள்ள துகளில், கன அளவில் 78 சதவீதம் உலோகமாக எஞ்சும். 20 நானோமீட்டர் துகளில் பாதி எஞ்சும். 10 நானோமீட்டர் துகளில் எஞ்சுவது 22 சதவீதம் மட்டுமே. சுடர் எவ்வளவு சிறிய இரும்புத் துகளைத் தந்தாலும், கரி உறையோ உப்பு உறையோ இல்லாமல் காற்றுக்கு வரவேண்டிய தூளின் அளவை இந்தக் கணக்குத்தான் முடிவு செய்கிறது.